குறிஞ்சியில் ஒரு நெய்தல்

நிலத்தைத் திணைகளாகப் பகுத்து, அந்நிலத்தோடு மாந்தர் வாழ்வைப் பொருத்திக் கண்டவர் நம் முன்னோர். மலை சார்ந்த இடம் குறிஞ்சி. கடல் சார்ந்த இடம் நெய்தல். ஒரு நிலத்திற்குரிய பொருள் மற்றொரு நிலத்தில் வந்து கலப்பதைத் திணை மயக்கம் என்றனர். அவ்வாறு நெய்தலிலிருந்து புறப்பட்டு உள்நாடெங்கும் பரவிய பொருள்களுள் தலையாயது உப்பு. மாடு பூட்டிய வண்டிகளில் உப்பை ஏற்றிச் சென்று நெல்லுக்கு மாற்றிய உமணர்களைச் சங்கப் பாடல்களில் பலவிடத்தும் காண்கிறோம். அவர்களுடைய வண்டிகள் கடற்கரைக்குத் திரும்பின. அவை கொண்டுவந்த உப்பு திரும்பவில்லை. இச்சிறிய உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டு, நம் காலத்துத் திணை மயக்கம் ஒன்றினை இக்கட்டுரையில் நோக்குவோம்.

வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில், சவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது அமிர்தி. மழைக்காலத்தில் நீர் வீழும் அருவியும், 1967-ஆம் ஆண்டு முதல் வனத்துறையின் பொறுப்பிலுள்ள சிறிய உயிரியல் பூங்காவும் இவ்வூரின் அடையாளங்கள். இப்பகுதியில் இல்லம் அமைத்துள்ள நம் நண்பர் ஒருவர், தம் கூடத்தில் கடல்நீர் மீன்தொட்டி ஒன்றை, பவளப்பாறைத் தோற்றத்துடன் அமைக்க விரும்பினார். கடலோ நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. இது இயலுமா என்று நம்மைக் கேட்டார். இயலும் என்பதே விடை. ஆயினும், எவ்வாறு இயலும் என்பதும், இயன்றபின் நமக்கு வந்து சேரும் கடமை யாது என்பதும் விரித்துக் கூறத்தக்கவை.

தொட்டியில் கடல் வந்த வரலாறு

கண்ணாடித் தொட்டியில் கடலுயிர்களை வளர்க்கும் கலை 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் வேரூன்றியது. 1853-இல் இலண்டன் விலங்கியல் தோட்டத்தில் பொதுமக்கள் காணும் மீன் இல்லம் திறக்கப்பட்டது. பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கையியலாளர் 1854-இல் வெளியிட்ட நூல், இக்கலையை இல்லந்தோறும் கொண்டு சென்றது. நம் நாட்டில், எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் 1909-இல் சென்னைக் கடற்கரையில் கடல்மீன் காட்சியகம் ஒன்று எழுந்தது. அது கடலோரத்தில் இருந்தமையால் கடல்நீருக்குக் குறைவில்லை. 1960-களின் தொடக்கத்தில் இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், உயிர்கள் படிந்த கடற்பாறைகளையும் காற்றுக்குமிழ்களையும் மட்டுமே துணைக்கொண்டு தொட்டிநீரைத் தெளிவாக வைத்திருக்கலாம் என்று எழுதிக் காட்டினார். பாறையின் நுண்துளைகளில் வாழும் நுண்ணுயிர்களே நீரைத் தூய்மை செய்கின்றன என்னும் கருத்து இன்றைய பாறைத்தொட்டிகளுக்கு அடிப்படையாயிற்று.

பவளத்திற்கு இடமில்லை

ஈண்டு நாம் முதலில் தெளிய வேண்டியது சட்டம். பவளம் கல்லன்று, உயிர். சிறு உயிரிகள் கூட்டமாய் வாழ்ந்து, நீரிலுள்ள சுண்ணத்தைக் கொண்டு கட்டும் வீடே பவளப்பாறை. தமிழகத்தில் இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்து இப்பாறைகள் உள்ளன. 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது; 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. முற்காலத்தில் சுண்ணாம்புக்காக அங்குப் பாறைகள் வெட்டப்பட்டன. பின்னர்க் கடல் வெம்மையால் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் வெளிறிப் பெருஞ்சேதம் உற்றன.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், 2001-ஆம் ஆண்டு பாறை அமைக்கும் பவளங்கள், கருப்புப் பவளம், கடல்விசிறி முதலியவை சேர்க்கப்பட்டன. 2022-இல் சட்டம் திருத்தப்பட்டபோதும் அப்பாதுகாப்பு நீடித்தது. புலிக்கும் யானைக்கும் உரிய அதே பாதுகாப்பு இது. அதனை மீறினால் மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறையும் தண்டமும் உண்டு. உயிருள்ள பவளம் மட்டுமன்றி, உலர்ந்த வெண்பவளமும் இதில் அடங்கும். நம் நண்பர் முன்னொருகால் கடற்கரையூர்க் கடையொன்றில் அழகுக்காக வாங்கி வைத்திருந்த வெண்பவளக் கொத்தினைத் தொட்டியில் இட எண்ணியிருந்தார். சட்டத்தைக் கூறியபோது திடுக்கிட்டார். "அமிர்தியில் மானைக் கூண்டில் வைத்திருப்பது வனத்துறை, நானோ அலமாரியில் வைத்திருக்கிறேன்" என்று அவர் கூறியது நம் நெஞ்சில் நின்றது. மறுநாளே அதனை வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டார்.

ஆகவே, நம் தொட்டியின் பாறை மனிதர் செய்த பாறையாகவே இருத்தல் வேண்டும். சுட்ட பீங்கானால் நுண்துளைகளுடன் செய்த பாறைகள் கடைகளில் கிடைக்கின்றன. சிமெண்டால் செய்தவையும் உண்டு. அவற்றின் காரத்தன்மை நீங்கும் வரை பல வாரம் நன்னீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும். ஓராண்டு கழிந்தபின் ஊதா நிறப் பாசி படிந்த இப்பாறைகளை இயற்கைப் பாறையினின்று பிரித்தறிவது அரிது.

தாங்குபேழை

தொட்டியை வாங்குமுன் அதைத் தாங்கும் பேழையைப் பற்றி எண்ணுதல் நலம். நான்கு அடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் கொண்ட தொட்டியை எடுத்துக்கொள்வோம். பாறைக்கும் மேல் விளிம்புக்கும் இடம் விட்டால் இதில் ஏறத்தாழ 200 லிட்டர் நீர் நிற்கும். பேழைக்குள் வைக்கும் கீழ்த்தொட்டியில் 50 லிட்டர் நிற்கும். ஒரு லிட்டர் கடல்நீரின் எடை ஒரு கிலோவினும் சற்று மிகுதி. நீர், கண்ணாடி, பாறை, மணல், மரம் அனைத்தும் கூடினால் எடை 400 கிலோவுக்குக் குறையாது. ஆறு ஆடவர் இரவும் பகலும் ஒரு மேசையின்மேல் இறங்காது நிற்பதற்கு ஒப்பானது இது. புத்தகம் வைக்கும் அலமாரியோ, தொலைக்காட்சி வைக்கும் மேசையோ இதற்குப் பொருந்தாது. எனவேதான் தச்சரிடம் அளவு கொடுத்துச் செய்விக்க வேண்டியதாகிறது.

தச்சரிடம் கூற வேண்டுவன சில உள. முதலாவது, எடை மரத்தின்மேல் மரமாக நேரே தரைக்கு இறங்க வேண்டும். திருகாணிகள் சட்டத்தைப் பிணைக்கலாமே அன்றி எடையைச் சுமக்கலாகாது. மேற்சட்டம் கால்களின் தலைமீது அமர வேண்டும். கால்களின் பக்கவாட்டில் தொங்கக்கூடாது. இரண்டாவது, பலகையின் தன்மை. அழுத்திய துகள் பலகை ஈரம் பட்டால் ஊதிப் பிளந்துவிடும். ஐ.எஸ். 710 என்னும் தர எண் பொறித்த கடல்தர ஒட்டுப்பலகையும் நன்கு உலர்ந்த மரச்சட்டமும் ஏற்றவை. வெட்டிய ஓரங்கள் அனைத்திற்கும் நீர்காப்புப் பூச்சு இடல் வேண்டும். இரும்புச் சட்டத்தை உப்புக்காற்று விரைவில் தின்னும் என்பதைத் தோல் மண்டிகளைக் கண்ட நம் பகுதியினர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. கீல்களும் கைப்பிடிகளும் துருவேறா எஃகினால் ஆனவையாக இருக்கட்டும். மூன்றாவது, முதுகுப்பலகையில் காற்றுப்போக்கிற்கும் குழாய்களுக்கும் துளைகள் வேண்டும். மூடிய பேழையில் தங்கும் ஈரம் மரத்தையும் மின்கருவியையும் கெடுக்கும்.

பேழையை நிறுத்தியபின் ரசமட்டம் வைத்து நீளவாட்டிலும் அகலவாட்டிலும் சரிபார்க்க வேண்டும். சரிவு இருப்பின் பேழையின் காலடியில் ஆப்பு வைத்துத் திருத்தலாம். தொட்டிக்கும் பேழைக்கும் இடையில் ஆப்பு வைத்தலாகாது. கண்ணாடியின் ஒரு மூலையில் எடை குவிந்தால் அது ஒருநாள் வெடிக்கும். அடிக்கண்ணாடிக்குக் கீழே தெர்மோகோல் தகடு ஒன்றைப் பரப்புவது சிறு மேடுபள்ளங்களைத் தாங்கும்.

கீழ்த்தொட்டியைப் பற்றி ஒரு கணக்கு இன்றியமையாதது. மின்தடை நேர்ந்தால் விசைக்குழாய் நிற்கும். மேல்தொட்டியில் வழிவாய்க்கு மேலுள்ள நீர் கீழே இறங்கும். இந்நீளஅகலத்தில் 2 செ.மீ. நீர் இறங்கினாலே அது ஏறத்தாழ 11 லிட்டர். அவ்வளவும் குழாய்களில் உள்ள நீரும் கொள்ளுமளவு கீழ்த்தொட்டியில் வெற்றிடம் இல்லையேல், கூடமே கடலாகிவிடும். மின்செருகிகளை நீர்மட்டத்திற்கு மேலே, பக்கவாட்டில் அமைக்க வேண்டும். ஒவ்வொரு மின்கம்பியும் செருகியினும் தாழத் தொங்கிப் பின் மேலேறினால், கம்பிவழி வழியும் நீர்த்துளி செருகியை அடையாது கீழே சொட்டிவிடும். மின்கசிவுத் துண்டிப்பான் பொருத்துதல் விருப்பமன்று, கட்டாயம்.

நீரை ஆக்குதல்

கடலில்லா ஊரில் கடல்நீரை நாமே ஆக்குகிறோம். கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் பெரும்பகுதி சமையலுப்பே எனினும், மக்னீசியம், சல்பேட்டு, கால்சியம், பொட்டாசியம் முதலியவையும் குறித்த விகிதத்தில் கலந்துள்ளன. ஆகையால் சமையலுப்போ, தோலுக்கு இடும் உப்போ இங்குப் பயன்படாது. மீன்தொட்டிக்கெனச் செய்த கடலுப்புக் கலவையையே வாங்க வேண்டும். 250 லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிலோ தேவைப்படும்.

நம் பகுதியின் கிணற்று நீரில் முன்னரே கரைபொருள்கள் மிகுந்திருப்பதால் அதனை அப்படியே பயன்படுத்த இயலாது. ஆர்.ஓ. கருவியில் வடித்து, எஞ்சிய அயனிகளையும் நீக்கிய நீரே ஏற்றது. அக்கருவி ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டரை ஒதுக்கித் தள்ளும். அதனைத் தரை கழுவவேனும் பயன்படுத்துதல் சிக்கனமாகும். தனி வாளியில் நீரை நிரப்பி, அதில் உப்பை இட்டு, ஒரு நாள் சுழலவிட்டு, ஒளிவிலகல்மானியால் அளந்தபின் தொட்டியில் சேர்க்க வேண்டும். ஒப்படர்த்தி 1.025 அளவிலும், வெப்பம் 25 முதல் 27 டிகிரி செல்சியசுக்குள்ளும் இருத்தல் நன்று. வேலூர்க் கோடையில் இது எளிதன்று. நீர்ப்பரப்பின்மேல் சிறு விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். அதற்கும் அடங்காதபோது குளிரூட்டும் கருவி வேண்டும்.

காத்திருத்தல்

தொட்டி நிறைந்த அன்றே மீனை விடுதல் கொலைக்கு ஒப்பாகும். மீனின் கழிவும் எஞ்சிய உணவும் அம்மோனியாவாகின்றன, அது நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக்கும், அதுவும் தீங்கானது. மற்றொருவகை அதனை நைட்ரேட்டாக்கும். அது அளவோடு இருப்பின் தாங்கத்தக்கது. இந்நுண்ணுயிர்கள் பாறையிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சோதனை மருந்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லையென்று தெரியும்வரை தொட்டி வெறுமையாகவே ஓடட்டும். கண்ணுக்குப் புலப்படாத இவ்வுயிர்களே தொட்டியின் உண்மையான குடிமக்கள், மீன்கள் விருந்தினரே.

கடலோரத்தில் அலை மோதுமிடத்தில் நுரை ஒதுங்குவதைக் கண்டிருப்போம். அந்நுரையில் கரிமக் கழிவுகள் ஒட்டிக்கொள்கின்றன. இதே நெறியில் இயங்கும் நுரைப்பிரிப்பான் என்னும் கருவியைக் கீழ்த்தொட்டியில் வைத்தால், கழிவுகள் அழுகுமுன்னரே வெளியேறும்.

யாரை அழைப்பது?

முதல் விருந்தினராகக் கோமாளி மீனே தக்கது. செம்மஞ்சள் உடலில் வெண்பட்டை அணிந்த இம்மீன் இனப்பெருக்கக் கூடங்களில் வளர்க்கப்படுகிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம், விழிஞ்ஞம் நிலையங்களிலும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையத்திலும் இதற்கான முறைகள் வகுக்கப்பட்டுள்ளன. கூடத்தில் பிறந்த மீனை வாங்குவதால் கடலில் ஒரு மீனும் குறைவதில்லை. இவ்வின மீன்கள் அனைத்தும் முதலில் ஆணாகவே முதிர்கின்றன; இணையுள் பெரியது பின்னர்ப் பெண்ணாக மாறுகிறது. முட்டைகளைக் காப்பது பெரும்பாலும் ஆணின் பணி. நன்கு பேணினால் பத்தாண்டுக்கு மேலும் வாழும். எனவே இது ஒரு பருவத்துப் பொழுதுபோக்கன்று; நெடுங்காலப் பொறுப்பு.

நண்பரின் பிழை

ஈண்டு ஒரு நிகழ்ச்சியைக் கூறுதல் பயனுடைத்து. இரண்டு கோமாளி மீன்கள் குடியேறிய சில நாளில் கோடை தொடங்கியது. நாள்தோறும் தொட்டியில் இரண்டு லிட்டர் நீர் குறைந்தது. நண்பர் அக்குறையை நாள்தோறும் உப்புநீர் ஊற்றி நிரப்பினார். கடல்தானே குறைகிறது, கடலையே ஊற்றுவோம் என்பது அவர் எண்ணம். மூன்று வாரம் கழித்து நாம் சென்று அளந்தபோது, 35 ஆக இருக்க வேண்டிய உப்பளவு 41-ஐத் தொட்டிருந்தது. ஒரு மீன் இறந்து கிடந்தது, மற்றொன்று மூச்சிரைத்தது. பல நாள்களில் சிறிது சிறிதாக நன்னீர் சேர்த்து அதனைப் பிழைக்கச் செய்தோம்.

பிழை எங்கே நேர்ந்தது? ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு ஆவியாவதில்லை, அது பின்தங்கிவிடுகிறது. ஆகவே ஆவியான குறையை நன்னீரால்தான் ஈடுசெய்ய வேண்டும். நீர் போகும், உப்பு நிற்கும். கடல்தொட்டி கற்பிக்கும் தலையாய பாடம் இதுவே.

இப்பாடம் நம் மண்ணுக்குப் புதியதன்று. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டி வளர்ந்த தோல் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வளித்தது. கல்விச்சாலைகள் எழவும் துணை நின்றது. அதே தொழிலில், பச்சைத் தோல் அழுகாதிருக்க இட்ட உப்பு, ஊறவைத்த நீரோடு வெளியேறி வயலிலும் கிணற்றிலும் சேர்ந்தது. நீர் வற்றியது, உப்பு நின்றது. 1996 ஆகஸ்டு 28-இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், கேட்டினை விளைவித்தவரே அதனைச் சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறியை நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு கூறாக ஏற்றது. அதன் பின்னர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவுநீரை ஆவியாக்கி நீரை மீட்கத் தலைப்பட்டன. அங்கும் இறுதியில் எஞ்சுவது உப்பே.

கழித்த நீர் எங்கே செல்லும்?

கடல்தொட்டியில் வாரம் 20 லிட்டர் நீரை மாற்றுதல் முறை. அந்த 20 லிட்டரில் 700 கிராம் உப்பு உண்டு. ஓராண்டில் 36 கிலோவுக்கு மேல் ஆகும். குடிநீரில் கரைபொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று என்பது இந்தியத் தர அமைவனத்தின் வரையறை. கரைபொருளே இல்லாத 72,000 லிட்டர் நீரை அவ்வெல்லையில் கொண்டு நிறுத்த அந்த 36 கிலோ உப்பு போதும். தோட்டத்துத் தென்னை மூட்டில் ஊற்றப்படும் இவ்வாளி நீர், ஓர் இல்லத்தின் கிணற்றுக்குச் சிறு தீங்கன்று. அமிர்திக் காட்டாற்று நீரும் இறுதியில் பாலாற்று வடிநிலத்தையே சேர்கிறது என்பதும் நினைக்கத்தக்கது.

இதற்கு நண்பர் கண்ட வழி எளியது. மாடியில் அகன்ற, ஆழமில்லாத நெகிழித் தட்டுகளில் கழித்த நீரை ஊற்றி, மழை படாமல் கண்ணாடித் தகடு சாய்த்து, வெயிலில் வற்றவிடுகிறார். மூன்று வாரத்தில் ஒரு மீனைக் கொன்ற அதே கோடை இப்போது அவருக்கு உதவுகிறது. எஞ்சிய உப்பைச் சுரண்டி மூடியுள்ள பீப்பாயில் சேர்க்கிறார். நன்கு உலர்ந்துவிடுவதால் அதில் அயல் உயிரிகள் பிழைத்திருப்பதில்லை. தொட்டியின் உயிர்களை எக்காலத்தும் ஓடையில் விடலாகாது என்பதையும் அவர் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.

ஆண்டில் ஓரிரு முறை உறவினரைக் காணச் சென்னைக்குச் செல்லும்போது, அப்பீப்பாயும் அவருடன் செல்கிறது. கடற்கரையில் அவ்வுப்பைச் சிறிது சிறிதாக அலையில் கரைத்துவிட்டு மீள்கிறார். உள்நாட்டில் ஒரு நெய்தலை அமைக்க விரும்புவோர், மீனையும் விளக்கையும் தேர்ந்தெடுக்குமுன் தச்சரிடம் செல்லட்டும். தச்சரிடம் செல்லுமுன், உப்பு திரும்பும் வழியை எண்ணட்டும். உமணர் வண்டி கொண்டுவந்த உப்பு திரும்பவில்லை; நம் இல்லத்துக்கு வந்த உப்பேனும் திரும்பட்டும்.